விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறலாமா? பேஜ்மேக்கர் கோப்புகள் உள்ள அச்சகக் கணினி குறித்து உதவி தேவை

கேள்வி: அச்சகத்தார், கும்பகோணம் (2025 நவம்பர் 17)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் தொடங்கிய சிறிய அச்சகத்தை இப்போது நான் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவைதான் எங்கள் அன்றாட வேலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு கடந்த அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு எங்கள் இரண்டு கணினிகளிலும் வந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் இருப்பது இன்டெல் ஐ5-8250யு செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட மடிக்கணினி. ஜிஎஸ்டி கணக்கு, வங்கிப் பரிமாற்றம், மகளின் கல்லூரிப் பாடம் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. பிசி ஹெல்த் செக் நிரலைக் கொண்டு சோதித்தபோது, செக்யூர் பூட் வசதி (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இல்லை என்று கூறி, விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது என்று காட்டியது.

கடையில் இருப்பது ஐ3-4130 செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட மேசைக்கணினி. அதில் பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கர் 7, பாமினி முதலான தமிழ் எழுத்துருக்கள், பழைய லேசர் அச்சுப்பொறி, 2006 முதல் சேர்த்து வைத்த கோப்புகள் ஆகியவை உள்ளன. ஒரு குடும்பத்தில் மூத்த மகளுக்கு அடித்த அழைப்பிதழையே இளைய மகளுக்கும் பெயர் மாற்றித் தரும்படி கேட்டு வருபவர்கள் உண்டு என்பதால், அந்தக் கோப்புகளை இழந்தால் தொழிலின் பாதியை இழந்தது போலாகும்.

எங்கள் ஊர்ப் பழுதுபார்ப்பாளர் ஒருவர், தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தர 1,500 ரூபாய் கேட்கிறார். தை பிறந்துவிட்டால் திருமண வேலை குவிந்துவிடும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றலாமா?

பதில் 1: கணினிப் பராமரிப்பாளர், திருச்சி

வணக்கம் ஐயா. முடிவு சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் வேண்டும். முதலாவது, கடைக் கணினியில் உள்ள விண்டோஸ் 10 என்பது 32-பிட்டா, 64-பிட்டா? அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குச் சென்று, அபௌட் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியைப் பாருங்கள். இரண்டாவது, மடிக்கணினியில் விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறந்தால், கணினி தொடங்கும் முறையைக் காட்டும் பயாஸ் மோட் என்ற வரியில் லெகசி (பழைய முறை) என்று இருக்கிறதா, யுஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருக்கிறதா? மூன்றாவது, அதே முறையில் டிபிஎம்.எம்எஸ்சி என்பதைத் திறந்தால், டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லின் பதிப்பு எண் 2.0 என்று வருகிறதா?

அச்சகத்தார், கும்பகோணம்

விரைவான பதிலுக்கு நன்றி. கடைக் கணினியில் 32-பிட் என்றே காட்டுகிறது. மடிக்கணினியில் பயாஸ் மோட் லெகசி என்றும், டிபிஎம் பதிப்பு 2.0 என்றும் உள்ளன. மூன்று ஆண்டுகளுக்கு முன் வன்தட்டை மாற்றி எஸ்எஸ்டி பொருத்தியபோது விண்டோஸை மீண்டும் ஏற்றித் தந்தார்கள். அப்போது ஏதேனும் மாறியிருக்குமா?

பதில் 2: கணினிப் பராமரிப்பாளர், திருச்சி

ஆம், அப்போதுதான் மாறியிருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி என்பதால் உங்கள் மடிக்கணினி மைக்ரோசாஃப்டின் தகுதிப் பட்டியலில் இருக்கிறது, டிபிஎம் 2.0-உம் இருக்கிறது. குறை இயந்திரத்தில் இல்லை. புதிய எஸ்எஸ்டியைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்து, லெகசி முறையில் விண்டோஸை ஏற்றியிருக்கிறார்கள். செக்யூர் பூட் யுஇஎஃப்ஐ முறையில் மட்டுமே இயங்கும்.

இதைச் சரிசெய்ய எல்லாவற்றையும் அழித்து மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் 10-உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, கோப்புகள் இருந்தபடியே வட்டின் அமைப்பை யுஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். ஆயினும், வட்டின் அமைப்பையே தொடும் வேலை என்பதால், முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுக்காமல் இதில் கை வைக்கவே கூடாது. வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கினால் அதை முதலில் இடைநிறுத்துங்கள். பிறகு நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் வாலிடேட் என்ற சோதனைக் கட்டளையை மட்டும் கொடுங்கள். அது பிழையின்றி முடிந்தால் மட்டுமே கன்வர்ட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இரண்டு கட்டளைகளுடனும் அலௌஃபுல்ஓஎஸ் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். மாற்றம் முடிந்ததும் பயாஸ் திரைக்குச் சென்று யுஇஎஃப்ஐ முறையைத் தேர்ந்தெடுத்து, செக்யூர் பூட்டை இயக்குங்கள். யுஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் கணினி தொடங்காது. அஞ்ச வேண்டாம், அந்த ஒரு அமைப்பை மாற்றினால் போதும்.

அதன் பிறகு விண்டோஸ் அப்டேட் வழியாகவே 11-க்கு மாறலாம், கட்டணம் இல்லை. பிடிக்கவில்லையென்றால் பத்து நாட்களுக்குள் அமைப்புகளிலிருந்தே 10-க்குத் திரும்பலாம், அதுவரை பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையை இடம் மிச்சப்படுத்த எண்ணி அழித்துவிடாதீர்கள். நீங்கள் ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவராக இருந்தால், மாறிய அன்றே அதைச் செருகிச் சோதித்துவிடுங்கள்; கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் கண்டறியும் சிக்கலாக அது இருக்கக் கூடாது.

கடைக் கணினியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதுவரை அந்தப் பழுதுபார்ப்பாளரிடம் அதை ஒப்படைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 3: பள்ளி ஆசிரியர், ஈரோடு

நான் சற்று மாறுபடுகிறேன். என் வீட்டில் ஆறாம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றில், தகுதிச் சோதனையைத் தவிர்த்து விண்டோஸ் 11-ஐ ஏற்றி ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன். குறை ஏதும் தெரியவில்லை. நன்றாக இயங்கும் கணினியைப் பட்டியலில் இல்லை என்பதற்காக ஒதுக்குவது வீண்செலவாகப் படுகிறது. 1,500 ரூபாய்க்கு முடியுமென்றால் முயன்று பார்க்கலாமே.

பதில் 4: கணினிப் பராமரிப்பாளர், திருச்சி

ஆசிரியர் ஐயா சொல்வது அவருடைய கணினிக்குப் பொருந்தும். நான் அதை மறுக்கவில்லை. தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை என்பதையும், ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகளைக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்து ஏற்பவர் வீட்டுக் கணினியில் அதைச் செய்யலாம்.

அச்சகக் கணினியின் நிலை வேறு. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் விண்டோஸ் 10-இலிருந்து 64-பிட் விண்டோஸ் 11-க்கு, நிரல்களை வைத்துக்கொண்டு மேம்படுத்த வழியே இல்லை. வட்டைத் துடைத்துப் புதிதாக ஏற்றுவது ஒன்றே வழி. அதாவது, பேஜ்மேக்கர், எழுத்துருக்கள், அச்சுப்பொறி இயக்கி (அச்சுப்பொறியைக் கணினியுடன் இயங்க வைக்கும் மென்பொருள்) எல்லாவற்றையும் மீண்டும் நிறுவ வேண்டும். 32-பிட் அச்சுப்பொறி இயக்கி 64-பிட் விண்டோஸில் ஏறாது. உங்கள் அச்சுப்பொறிக்கு 64-பிட் இயக்கி கிடைக்கிறதா என்று பார்க்காமல் வட்டைத் துடைத்தால், நல்ல அச்சுப்பொறி காட்சிப்பொருளாகிவிடும். பழைய நிரல்கள் பலவற்றில் நிரல் 32-பிட்டாக இருந்தும் அதை நிறுவும் பகுதி 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல் இயங்கவே இயங்காது. உங்களிடம் 1,500 ரூபாய் கேட்டவர் இவற்றில் எதையாவது விளக்கினாரா என்று எண்ணிப் பாருங்கள். மேலும், 4 ஜிபி என்பது விண்டோஸ் 11-க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு மட்டுமே.

என் பரிந்துரை இதுதான். கடைக் கணினி விண்டோஸ் 10-இலேயே இருக்கட்டும். அதை மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை. விரும்பாதவர்கள் 30 டாலர் செலுத்திச் சேரலாம். வாட்ஸ்அப் வழியாக வரும் படங்களை மடிக்கணினியில் இறக்கி, வைரஸ் சோதனை செய்த பிறகே பென் டிரைவில் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பதில் 5: டிடிபி பயிற்றுநர், மதுரை

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் அச்சுக்கோப்பு கற்பித்து வருபவள் என்ற முறையில், எழுத்துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த இழையில் அதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கின்றன. உங்கள் கோப்பில் உண்மையில் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளே. எழுத்துருக் கோப்பு தொலைந்தால், 2006-ஆம் ஆண்டு அழைப்பிதழ் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே திறக்கும். ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகள் உலவுவதால், பிறரிடமிருந்து வாங்கி ஈடுசெய்யலாம் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஆகவே இன்றே எழுத்துருக் கோப்புறை முழுவதையும் இரண்டு இடங்களில் நகலெடுங்கள். அடுத்ததாக, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் அழைப்பிதழ்களை, எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்புகளாக மாற்றி வையுங்கள். பேஜ்மேக்கர் ஒருநாள் இயங்காமல் போனாலும் பார்த்துத் தட்டச்சு செய்யவாவது ஒரு படி இருக்கும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை பேஜ்மேக்கர் ஏற்காது. அதனால் புதிய வேலைகளைச் சிறிது சிறிதாக யூனிகோடுக்குக் கொண்டு வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். கட்டண வடிவமைப்பு நிரலான இன்டிசைன் வாங்க இயலாவிட்டால், இலவசமான ஸ்கிரைபஸ் தமிழ் யூனிகோடைச் சரியாகவே காட்டுகிறது. பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆஃபிஸ் டிராவிலும் திறக்கலாம். பக்க அமைப்பு கலையும், ஆனால் உரை மீளும். அந்த உரையை எழுத்துரு மாற்றி நிரலில் இட்டு யூனிகோடாக்கினால், ஊர்ப் பெயர்களையும் உறவுப் பெயர்களையும் கட்டாயம் மெய்ப்புப் பாருங்கள். அழைப்பிதழில் ஓர் ஒற்றெழுத்து பிழைத்தாலும் மணவீட்டாருக்கு மனம் நோகும்.

மற்றொன்று: விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் லதா எழுத்துரு தானாக இருப்பதில்லை, விருப்ப வசதிகளில் உள்ள தமிழ்த் துணை எழுத்துருக்கள் தொகுப்பைச் சேர்த்தால் வந்துவிடும்.

அச்சகத்தார், கும்பகோணம் (2025 நவம்பர் 24)

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, மடிக்கணினியின் கோப்புகளை நகலெடுத்த பின் மாற்றத்தைச் செய்தேன். சோதனைக் கட்டளை முதல் முறையே பிழையின்றி முடிந்தது. கன்வர்ட் செய்த பிறகு கணினி தொடங்காமல் கறுப்புத் திரையில் நின்றபோது கை நடுங்கியது உண்மை. திருச்சி நண்பர் முன்பே எழுதியிருந்ததால் பயாஸில் யுஇஎஃப்ஐயைத் தேர்ந்தெடுத்தேன், தொடங்கிவிட்டது. இப்போது விண்டோஸ் 11 இயங்குகிறது. கையொப்ப டோக்கனின் இயக்கியை மட்டும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது.

கடைக் கணினியைப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். பழுதுபார்ப்பாளரிடம் 32-பிட் பற்றிக் கேட்டபோது, வட்டைத் துடைக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். மதுரை அம்மா சொன்னபடி எழுத்துருக்களை நகலெடுத்துவிட்டேன். பிடிஎஃப் ஆக்கும் வேலையில் 2019 முதலான கோப்புகள் முடிந்துள்ளன. மீதியைத் தைக்குள் முடித்துவிட எண்ணுகிறேன். ஓர் ஐயம்: பிடிஎஃப் ஆக்கும்போது சில பழைய கோப்புகளில் கொம்பு மட்டும் விடுபட்டுப் போகிறது. காரணம் என்ன?

டிடிபி பயிற்றுநர், மதுரை

அந்தக் கோப்புகளில் பயன்பட்ட எழுத்துரு, அதே பெயருடைய வேறு பதிப்பாக இருக்கலாம். அப்பா காலத்துக் குறுந்தகடுகள் இருந்தால் அவற்றில் உள்ள எழுத்துருவை எடுத்து, இப்போதுள்ளதை நீக்கிவிட்டு அதை நிறுவி, ஒரு கோப்பை மட்டும் திறந்து பாருங்கள். கொம்பு வந்துவிட்டால், அந்தப் பதிப்பைத் தனிக் கோப்புறையில் ஆண்டு குறித்து வையுங்கள்.