கொரோனா வாடகைச் சட்டம்: சின்ன ஓனர் தலையில கட்டினது நியாயமா?

ஓனர்வீட்டுப்பையன்
சிங்கப்பூர்ல 2020ல வந்த கோவிட் தற்காலிகச் சட்டத்தைப் பத்திப் பேசணும், இத்தன வருஷம் ஆகியும் எனக்கு மனசு ஆறல. எங்க அப்பா துறைமுகத்துல 30 வருஷம் உழைச்சு, சித்தப்பாவோட சேர்ந்து தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கீழ்த்தளத்துல ஒரே ஒரு கடை வாங்கினாரு. மாசம் 6,200 வெள்ளி வாடகை, அதுல பாதிக்கு மேல பேங்க் லோன், மிச்சத்துலதான் ரெண்டு வீட்டுச் செலவும். ஜூன் 5ல பார்லிமென்ட்ல திருத்தம் பாஸ் பண்ணி, சின்ன வியாபாரிங்க கடைக்கு 4 மாச வாடகை கிடையாதுன்னுட்டாங்க. 2 மாசத்த அரசாங்கம் சொத்துவரித் தள்ளுபடியாவும் கேஷ் கிராண்ட்டாவும் குடுத்துச்சு, அதுல குறை சொல்லல. மத்த 2 மாசம் எங்கேர்ந்து வந்துச்சு? எங்கப்பா பையிலேர்ந்து. 12,400 வெள்ளி. பேங்க் அசலத் தள்ளி வச்சுச்சு, வட்டி ஒரு நாளும் நிக்கல. ரெண்டு பேரு கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்ட அரசாங்கம் நடுவுல வந்து மாத்தலாமா?

தையல்கடைஅக்கா
தம்பி, உங்கப்பா கஷ்டம் புரியுது, ஆனா அந்த அக்ரிமென்ட்ல நான் கடைய மூடிக்கிறேன்னு கையெழுத்துப் போடலயே. ஏப்ரல் 7ல கடைங்கள மூடவச்ச அதிரடித் திட்டம் (சர்க்யூட் பிரேக்கர்) ஆரம்பிச்சுது, நான் ஷட்டரத் தூக்கினது ஜூன் 19. சித்திரை வைகாசி கல்யாண ஆர்டர் பிளவுஸ் எல்லாம் வெட்டி, அளவு எழுதின சீட்ட குண்டூசில குத்தி, அடுக்கி வச்சது அப்படியே கெடந்துச்சு. கல்யாணம் தள்ளிப்போனவங்க அட்வான்ஸத் திருப்பிக் கேட்டாங்க, குடுத்தேன். வருமானமே இல்லாத இடத்துக்கு முழு வாடகைன்னா அது எந்தக் கணக்கு? அதுவும் உங்க ஓனர் பங்கு 2 மாசம் சும்மா கெடைக்கல. ஏப்ரல் மே வியாபாரம் போன வருஷத்தவிட 35 சதவீதமாவது விழுந்திருக்கணும், அதக் காட்டணும். பில் புக்க வச்சுக்கிட்டு நானும் என் மகளும் ரெண்டு ராத்திரி உக்காந்து கூட்டினோம்.

ஓனர்வீட்டுப்பையன்
அக்கா, உங்களுக்கு சம்பளத்துக்கும் அரசாங்கம் குடுத்துச்சே. ஏப்ரல் மே மாசத்துக்கு ஆளுக்கு முதல் 4,600 வெள்ளில 75 சதவீதம். கடை வச்சவருக்கு ரெண்டு பக்கமும் கை குடுத்தாங்க, ஓனர்ட்டேர்ந்து மட்டும் எடுத்தாங்க, நான் கேக்குறது அதத்தான்.

தையல்கடைஅக்கா
அந்த 75 சதவீதம் சிங்கப்பூர்க்காரங்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிங்க)தான் தம்பி. என்கிட்ட இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜோகூர்லேர்ந்து தினம் வந்துபோற மாஸ்டர். மார்ச் 18லேர்ந்து மலேசியா பக்கம் கதவ மூடப்போறாங்கன்னதும், 17ந்தேதி ராத்திரியே ஒரு பையோட கடைக்கு வந்துட்டாரு. வேல குடுத்தவ நான், தங்க வைக்கிறதும் என் பொறுப்புதானே, என் மகன் ரூமக் காலி பண்ணிக் குடுத்தேன். வெளிநாட்டு ஆளுக்குக் கட்டுற லெவி வரில தள்ளுபடி கெடச்சுது, ரிபேட்டும் கெடச்சுது, பொய் சொல்ல மாட்டேன், ஆனா அவரு சம்பளம் என் கையிலேர்ந்துதான் போச்சு. வேல இல்லன்னு மனுசனுக்கு சோறு போடாம இருக்க முடியுமா?

சட்டக்கார்த்தம்பி
ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சின்ன ஓனருக்கும் சட்டத்துல வழி இருந்துச்சு. வாடகைக்கு விட்ட சொத்தோட ஆண்டு மதிப்பு (வருஷத்துக்கு எவ்வளவு வாடகை வரும்னு வரித்துறை போடுற கணக்கு) எல்லாம் சேத்து 60,000 வெள்ளிக்கு மேல போகாம, மொத்த வருமானத்துல 75 சதவீதமாவது வாடகையா இருந்தா, அசெசர்கிட்ட (இந்தச் சட்டத்துல வாடகைத் தகராறத் தீர்க்க வச்ச நடுவர்) விண்ணப்பம் போட்டு உங்க பங்கப் பாதியாக் குறைக்கலாம், 2 மாசம் 1 மாசமாயிரும். அசெசர் முன்னாடி லாயர் கிடையாது, ஃபீஸ் செலவும் இல்ல. அப்பா போட்டாரா அண்ணே?

ஓனர்வீட்டுப்பையன்
போடல தம்பி, போட்டும் பிரயோஜனம் இல்ல. ஆண்டு மதிப்பு 66,000னு வரி நோட்டீஸ்ல இருந்துச்சு. 6,000 வெள்ளி கூட, அவ்வளவுதான், ரெண்டு குடும்பத்துக்குச் சேத்து இருக்குற ஒரே சொத்து, ஆனா மால் வச்சிருக்கவங்களோட ஒரே வரிசையில நிக்க வச்சிட்டாங்க. இதத்தான் நான் அநியாயம்ங்கிறேன்.

சட்டக்கார்த்தம்பி
அந்த 60,000 கோடு தப்பான இடத்துல விழுந்துச்சுங்கிறத நானும் ஒத்துக்கிறேன். தேக்கா மாதிரி எடத்துல ஒரு கடைக்கே அதத் தாண்டிரும், சொத்த எத்தன பேர் பங்கு போட்டுக்கிறாங்கன்னும் பார்த்திருக்கணும். ஆனா அதுக்காக சட்டமே தப்புன்னா ஒத்துக்க மாட்டேன். அது இல்லன்னா ஏப்ரல்லயே எத்தனையோ கடைய ஓனர் பூட்டிருப்பாரு.

வெத்தலக்கொடி
எனக்கு அந்த சட்டத்துல ஒண்ணுமே கெடைக்கல. 2020 மார்ச் 25க்கு முன்னாடி போட்ட வாடகை ஒப்பந்தந்தான் கணக்கு, நான் புதுக்கடைக்கு கையெழுத்துப் போட்டது மார்ச் 28. மூணு நாள். ஓனரு நல்ல மனுசன், அவரா ஒரு மாசம் விட்டுக்குடுத்தாரு. அவருக்குச் சட்டம் சொல்லல, மனசு சொல்லுச்சு. ஆனா எல்லா ஓனரும் அப்படி இருப்பாங்கன்னு நம்பி நாலு பிள்ளைங்க சோத்த வைக்க முடியாது, அதனால நான் அக்கா பக்கம்தான்.

ஈசூன்பொண்ணு
கடைக்காரங்க சண்டைக்கு நடுவுல வீட்டு வாடகைக்காரங்கள மறந்துட்டீங்க. இந்தத் தள்ளுபடி கடை, ஆபீஸ், பட்டறை இடத்துக்கு மட்டும்தான். நானும் என் வீட்டுக்காரரும் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல ஒரு ரூம்ல வாடகைக்கு இருந்தோம், அவருக்குப் பாதிச் சம்பளம், எங்களுக்கு ஒரு காசு குறையல. ஓனர் ஆன்ட்டிகிட்ட நேர்ல பேச முடியல, வாட்ஸப்லதான் கெஞ்சினேன், 100 வெள்ளி குறைச்சாங்க. ஓனரா கடையான்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க, எங்கள மாதிரி ஆளுக்கு அசெசரும் இல்ல ஒண்ணும் இல்ல.

ஓனர்வீட்டுப்பையன்
நீங்க சொன்னது நியாயம் சிஸ்டர், நான் யோசிக்கல. ஆனா அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். பாக்கி வச்ச வாடகைய 9 தவணை வரைக்கும், வட்டி 3 சதவீதத்துக்கு மேல இல்லாமக் கட்டலாம்னும் அதே சட்டத்துல இருந்துச்சு. 2 மாசத்த அழிக்காம அந்தத் தவணைல போட்டிருந்தா எங்கப்பா தாங்கியிருப்பாரு, நீங்களும் தாங்கியிருப்பீங்க இல்ல?

தையல்கடைஅக்கா
தாங்கியிருக்க மாட்டேன் தம்பி. முதல் தவணை நவம்பர்லேர்ந்து, அந்த வருஷ தீபாவளி நவம்பர் 14, எப்பவும் அந்த மாசந்தான் எனக்கு வருஷச் சோறு. அந்த வருஷம் வந்த ஆர்டர் முப்பத்தாறு பிளவுஸ். நோட்டு இன்னமும் இருக்கு, மாஸ்டர் கையெழுத்துல.