குன்னூரில் ஓடிப் பழகிய கால் ஹொனலூலு வெயிலில் தாங்குமா?

குன்னூர்க்காரி

வணக்கம். வயது 41, நான்கு வருடமாக ஓடுகிறேன். காலையில் சிம்ஸ் பார்க் பக்கம் கிளம்பி தேயிலைத் தோட்டம் வழியாக எட்டு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை என்றால் லேம்ப்ஸ் ராக் வரை போய்த் திரும்புவேன். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹொனலூலுவில் வேலை பார்க்கும் தம்பி டிசம்பரில் ஒரு மாதம் வந்து இரு, அப்படியே அங்கே நடக்கும் மாரத்தானையும் ஓடிவிடு என்கிறான். "மலையில ஓடுறவளுக்கு கடற்கரை ரோடெல்லாம் சும்மாக்கா" என்று வேறு சொல்கிறான். எனக்குத்தான் சந்தேகம். போன மாதம் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போனபோது ஆசையாக ஓடப் போய், நாலாவது கிலோமீட்டரில் தலை சுற்றி, இளநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஸ்வெட்டர் போட்டு ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு வெயிலுக்கு எப்படிப் பழகுவது? அங்கே தினமும் ஓட இடம் எப்படி? கரடி வருமா, காட்டுமாடு நிற்குமா என்று பார்க்காமல் ஒரு நாளாவது ஓடிப் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு காரணம்.

ஊட்டி மப்ளர்

தம்பி சொல்வது பாதி சரி. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர். இந்த உயரத்தில் ஓடியே பழகியவர்கள் கடல் மட்டத்துக்கு இறங்கினால் மூச்சு தாராளமாக இருக்கும். ஆபத்தே அங்குதான், முதல் பத்து கிலோமீட்டர் பறப்போம், அப்புறம் உங்கள் இளநீர்க் கடைதான். வாரம் ஒரு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி ஓடுங்கள், போதும்.

கோத்தகிரிக்குத் திரும்பியவன்

போதாது மப்ளர் அண்ணா. நான் அங்கே ஆறு வருடம், டைமண்ட் ஹெட் மலைக்குப் பின்னால் கைமுக்கியில் குடியிருந்தேன். தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் வெயிலில் வியர்த்தால்தான் உடம்பு பழகும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் போகிற உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயம் அடிப்பதும் குறையும். ஞாயிறு மட்டும் இறங்கிவிட்டு ஆறு நாள் இங்கே குளிரில் இருந்தால் அது ஒட்டாது. மேட்டுப்பாளையம் போவது எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போகாதீர்கள், உப்பும் எலுமிச்சையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, முடிந்தால் டிக்கெட்டை நவம்பர் கடைசிக்கு மாற்றுங்கள். ஓட்டம் டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. இரண்டு வாரம் முன்னால் போய், கொஞ்சம் வெயில் ஏறிய பிறகே ஓடிப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

ஓட்டம் 1973-இலிருந்து நடக்கிறது. காலை 5 மணிக்கு, வாணவேடிக்கையோடு, அலா மோவானா கடற்கரைப் பக்கம் தொடங்கும். டிசம்பரில் அங்கே ஏழு மணி வாக்கில்தான் சூரியன் வரும், முதல் இரண்டு மணி நேரம் இருட்டு, நமக்கு அது கொண்டாட்டம். அப்புறம் கலனியனாவோலே நெடுஞ்சாலை. நிழலே கிடையாது. கிழக்கே ஹவாய் காய் நோக்கிப் போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று, சனியன் என்று திட்டிக்கொண்டே ஓடுவோம். திரும்பும்போது அதே காற்று முதுகில் நம் வேகத்துக்கே கூட வரும், முகத்தில் ஒரு வீச்சுகூடப் படாது, அப்போதுதான் வெயில் என்றால் என்ன என்று தெரியும். திட்டின காற்றைத் தேடுவீர்கள். டைமண்ட் ஹெட் மேடு இரண்டு தடவை வரும், போகும்போது ஒன்று, முடிவுக்குச் சற்று முன்னால் ஒன்று. மேடு என்று அவர்கள் சொல்கிறார்கள், நம்மூரில் பால் வாங்கப் போகவே அதைவிட ஏற வேண்டும். அங்கே நான் நிறைய பேரைத் தாண்டிப் போயிருக்கிறேன். நேர வரம்பு கிடையாது, நடந்தே முடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஜப்பானிலிருந்து பெருங்கூட்டம் வரும்.

தினசரி ஓட கபியோலானி பூங்காதான். முடிவுக்கோடும் அதில்தான். ஓரத்தில் வரிசையாகச் சவுக்கு, நடுவில் பெரிய புல்வெளி, இருட்டு விலகும் முன்பே பாட்டிமார்கள் கைவீசி நடப்பார்கள், தனியாக ஓடும் பெண்களும் நிறைய, வெளிச்சமும் ஆளும் உள்ள பக்கம் ஓடினால் போதும். எதிரில் வருபவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் கையை ஆட்டினால் பயப்படாதீர்கள், அது வணக்கம். ஜாக் ஸ்காஃப் என்ற இதய மருத்துவர் எழுபதுகளில் இதய நோயாளிகளையே மாரத்தானுக்குப் பழக்கிய இடம் அது. பேசிக்கொண்டே ஓட முடியாவிட்டால் வேகம் அதிகம், அவ்வளவுதான் அவர் கணக்கு. ஓடி முடித்து ஷூவைக் கழற்றிவிட்டு நேரே கடலில் இறங்குவது இருக்கிறதே, இங்கே வந்த பிறகு நான் ஏங்குவது அதற்கு மட்டும்தான்.

மலை வேண்டுமென்றால் டான்டலஸ் ரோடு ஏறுங்கள். வளைந்து வளைந்து போகும், நம்ம கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ்கூட உண்டு. காட்டுப் பாதைகளில் ஒரே சேறு, நுழையும் இடத்தில் ஷூவைத் தேய்த்துச் சுத்தம் செய்ய பிரஷ் வைத்திருப்பார்கள், ஓஹியா மரத்தைக் கொல்லும் பூஞ்சை மண்ணோடு பரவுகிறது என்பதால். கரடி இல்லை. நம்மூர் மாதிரி பாம்பு பயமும் இல்லை. கோழிதான் குறுக்கே ஓடும்.

கொடைக்கானல் ஏரிக்கரை

நாங்கள் ஐந்து கிலோமீட்டர் ஏரியைக் குதிரைச் சாணத்துக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் கடலில் இறங்குகிறீர்கள், நடத்துங்கள். அக்கா சைவமா? முசுபி என்று சோற்றுக்கட்டி கடைக்குக் கடை இருக்கும், பெரும்பாலும் மேலே டப்பாப் பன்றி இறைச்சி, கேட்டு வாங்குங்கள். நாள் மிச்சமிருந்தால் கவாய் தீவுக்குப் பறந்து, இறைவன் என்றே பெயர் வைத்த சிவன் கோவிலைப் பாருங்கள். பெங்களூர் பக்கம் கையால் செதுக்கிய கருங்கல், சோழர் பாணி. போகும் முன் அனுமதி விவரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட்டை நவம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் சித்தி வீடு இருக்கிறது, ஞாயிறு காலை ஓட வருகிறேன் என்று போன் போட்டேன். "வெயிலுக்குப் பயந்து எல்லாரும் மேல வர்றாங்க, நீ வெயிலைத் தேடிக் கீழ வர்றியாடி" என்றார். வரும்போது வர்க்கி ஒரு கிலோ வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். கோத்தகிரித் தம்பி, ஒரு சந்தேகம், அந்த உப்பு எலுமிச்சைத் தண்ணீரை ஓடும்போது எதில் எடுத்துப் போவீர்கள்? எனக்கு இடுப்பில் பெல்ட் கட்டினால் குலுங்கிக் குலுங்கி எரிச்சலாக இருக்கிறது.

கோத்தகிரிக்குத் திரும்பியவன்

கையிலேயே பிடிக்கிற சின்ன பாட்டில் வாங்குங்கள் அக்கா. ஓட்டத்தன்று வழி நெடுக மேசை போட்டுத் தண்ணீர் தருவார்கள், பாட்டில் பழகும் நாட்களுக்கு மட்டும்தான்.