மரச்சிலந்தி வலையில இருக்கற குட்டிங்க ஆணா? இணை சேர்றதை எப்படி பாக்கறது?

சேர்வராயன்:
ஏற்காட்டுல சொந்தக்காரங்க காபி தோட்டத்துல ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல பெரிய மஞ்சள் நூல் வலைங்க, மையத்துல காலை விரிச்சா உள்ளங்கை ரொப்பற சைஸ்ல ஒரு சிலந்தி. அதே வலையில பொடிசா நாலஞ்சு சுத்துது. குஞ்சா இருக்கும்னேன், தம்பி எல்லாம் ஆண்னு சாதிக்கிறான். ஆண்னா இணை சேர்றதை பாக்கணும், எந்த நேரம் போகலாம்? பெண் ஆணை தின்னுடுமாமே, நிஜமா?

எட்டுக்கால்:
அந்த பெருசு நெஃபிலா பிலிபஸ், மரச்சிலந்தியோட அறிவியல் பேர். பெண்ணுக்கு உடம்பு மட்டும் 3லருந்து 5 செ.மீ. வரும், ஆண் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆனா பொடிசா இருக்கறதெல்லாம் ஆண் இல்ல ப்ரோ. வெள்ளி கலர்ல மின்னுச்சுன்னா அது ஆர்ஜிரோடஸ், அடுத்தவன் வலையில ஓசிச்சோறு திங்கற வேற சிலந்தி 😄 ஆண் செம்பழுப்பா இருக்கும், மூஞ்சிக்கு முன்னாடி குட்டிக் கால் மாதிரி இருக்கற பெடிபால்ப் நுனி பாக்ஸிங் கிளவுஸ் மாட்டின மாதிரி உருண்டையா தெரியும், விந்தை அதுலதான் ஏத்தி வெச்சுக்கும்.

சோலைமந்தி:
கடிகாரத்தை பாக்காதீங்க, பெண் எப்ப சாப்பிடுதுன்னு பாருங்க. பெருசா ஒரு பூச்சி மாட்டி அது வாய் வெச்சதும் ஆண் மெதுவா வயித்துப் பக்கம் வரும், விரட்டினா ஓடும், திரும்ப வரும். நடுநடுவுல பெண் முதுகுல ஏறி கால் இடுக்குலயெல்லாம் மெல்லிசா நூல் போடும், இதைத்தான் மிஸ் பண்ணிடாதீங்க. கட்டிப்போடற அளவுக்கு பலமான நூல் இல்ல, பெண் நெனச்சா பிச்சுடும். சிங்கப்பூர்க்காரங்க 2011ல வெளியிட்ட ஆய்வுல, நூல் போட்ட ஆண் தப்பிச்சு மறுபடி சேர சான்ஸ் அதிகம்னும், நூல் வாசனையை விட அந்த தொடுதல்தான் பெண்ணை அடக்குதுன்னும் சொல்லியிருக்காங்க. அதனால தின்றது உண்டு, ஆனா எப்பவுமே கிடையாது.

தும்பி77:
ஒரு வெட்டுக்கிளிய புடிச்சு வலையில போட்டா வேலை முடிஞ்சுது, எதுக்கு நாள் பூரா நிக்கணும்

சோலைமந்தி:
@தும்பி77 வேணாங்க. கை பட்டு வலை ஆடினா ஆண் எல்லாம் ஓரத்துக்கு ஓடிடும், அப்புறம் நீங்க பாக்கறது வெறும் சாப்பாட்டுக் கடைதான். மூச்சுக்காத்து கூட வலையில படாம கொஞ்சம் தள்ளி நின்னு, இருட்டினா சிவப்பு லைட் போட்டு பாருங்க.

சேர்வராயன்:
தேங்க்ஸ்ங்க. வெள்ளியா மின்னுறதும் ரெண்டு இருந்துச்சு, தம்பிகிட்ட இன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமை மேக்ரோ லென்ஸோட போறேன்.