மறு: ‘பகிர்வுப் பராமரிப்பு’ வேண்டாம், ‘கூட்டுக் கவனிப்பு’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கண் நீர் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் அட்டையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ‘ஷேர்டு கேர்’ (மருத்துவமனையும் ஊர்ப் பக்கத்துக் கண் பரிசோதகரும் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் போட்டவர்களுக்கு நன்றி. இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பகிர்வுப் பராமரிப்பு’ போதுமே ஐயா. பகிர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

தெரியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பகிர்ந்துகொண்டால் ஆளுக்கொரு பங்கு, என் பங்கு முடிந்தால் நான் கிளம்பலாம். இந்த ஏற்பாட்டில் நடக்கவே கூடாதது அதுதான். என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். மதுரையில் ஒரு மருத்துவமனையில் நோயைக் கண்டுபிடித்து, ராத்திரிக்கு ஒரு சொட்டு என்று மருந்து கொடுத்து, இனிமேல் ஊருக்குப் பக்கத்திலேயே அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். பக்கத்தில் இருந்த பரிசோதகரோ, அழுத்தமெல்லாம் மதுரையில் பார்ப்பார்கள் என்று கண்ணாடிப் பவரை மட்டும் பார்த்துவிட்டு விட்டார். ஒன்றரை வருடம் யாருமே அழுத்தம் பார்க்கவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, நேரே பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அதனால் பெரியம்மாவுக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தையில் பக்கவாட்டில் வந்த ஆட்டோ கண்ணில் படவில்லை என்ற பிறகுதான் போய்ப் பார்த்தோம். இந்த நோயில் பட்டுப்போன பார்வை நரம்பு திரும்பத் தளிர்க்காது. மருந்து, லேசர், அறுவை எல்லாம் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். இரண்டு பேரிடமும் கேட்டேன், இரண்டு பேரும் அவரவர் பங்கைச் சரியாகச் செய்ததாகவே சொன்னார்கள். எனக்குப் ‘பகிர்வு’ பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஏற்பாட்டின் மேல் எனக்குக் குறை இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1990-களில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். நோய் கட்டுக்குள் இருந்தவர்களில் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும், இன்னொரு பகுதியினரை ஊரிலுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளிடமும் (கண் பரிசோதகர்கள்) தொடரவிட்டார்கள். 2 ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நம் பக்கம் தேவை இன்னும் அதிகம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டக் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. எல்லாரையும் மூன்று மாதத்துக்கொரு முறை பஸ் ஏற்றி மதுரைக்கு வரச் சொன்னால் யார் வருவார்கள்? ஒரு நாள் கூலியும் போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். ஊர்ப் பக்கத்துப் பார்வை மையத்தில் பரிசோதகர் அழுத்தம் பார்த்து, பார்வை நரம்பைப் படம் எடுத்து அனுப்ப, மருத்துவர் மதுரையிலிருந்தே திரையில் பார்த்துப் பேசி மருந்தை மாற்றிக் கொடுத்தால் பாதிப் பயணம் மிச்சம். பக்கப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ‘ஃபீல்டு டெஸ்ட்’டுக்கும், கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பதற்கும் நேரில்தான் போக வேண்டும். நோய் முற்றியவர்களை மருத்துவரே நேரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

> ‘இணைப் பேணுகை’ – சுருக்கமாகவும் தூய தமிழாகவும் இருக்கிறது.

அழகான சொல்தான் அம்மா, கட்டுரையில் நானே எழுதுவேன். ஆனால் அட்டையை வாசிப்பவர் செல்லம்பட்டிக்காரர். பேணுகை அவர் வாயில் வராது. ‘பராமரிப்பு’ வரும், ஆனால் அது ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மின்தடை’ என்ற அறிவிப்பாக வரும்.

என் ஊரில் கூட்டுக் கிணறு உண்டு. இன்னார் இன்ன நாள் மோட்டார் போடுவார் என்று முறை இருக்கும். முறை பிரித்திருந்தாலும் கிணறு பிரிந்ததில்லை. தூர் வார வேண்டும் என்றால் எல்லாரும் இறங்கியாக வேண்டும், தண்ணீர் கீழே போனால் யார் பார்த்தாலும் மற்றவருக்குச் சொல்லியாக வேண்டும். கூட்டுப் பட்டாவும் அப்படித்தான், ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு நிலத்தையும் விற்க முடியாது. வேலை பிரியும், பொறுப்பு பிரியாது. இந்தப் பொருள் ‘கூட்டு’க்குள் ஏற்கெனவே இருக்கிறது, நாம் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. ஆகவே ‘கூட்டுக் கவனிப்பு’.

‘கவனிப்பு’க்கு லஞ்சம் கொடுப்பது என்ற பொருளும் வருமே என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார். நியாயம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் ‘நல்லா கவனிச்சாங்க’ என்று சொல்லும்போது யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

‘தொலைமருத்துவம்’ ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். நேரலையில் பேசுவதையும், படத்தை அனுப்பிவிட்டு மருத்துவர் பிறகு பார்த்துச் சொல்வதையும் பிரித்துச் சொல்லத்தான் சொல் இல்லை. ‘நேர்ப்பேச்சு’, ‘படம்வழி ஆலோசனை’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் தாருங்கள்.

அப்புறம் நோயின் பெயர். ‘கண்ணுல பிரஷர்’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால், ‘பிரஷர் மாத்திரைதான் தினமும் சாப்பிடுறேனே’ என்று சொட்டு மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தவிர, கண் அழுத்தம் வழக்கமான மேல் வரம்பான 21-க்கு (மி.மீ. பாதரசம்) கீழே இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு, ‘அழுத்த நோய்’ என்ற பெயர் அவர்களைக் குழப்புகிறது. இருந்தாலும் பழகிய பெயரை இப்போது மாற்றினால் குழப்பம் கூடும். ‘இது இரத்த அழுத்தம் இல்லை’ என்று அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரி போடுகிறேன்.

இப்போது இரண்டு கேள்விதான். ‘கூட்டுக்கவனிப்பு’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? ஒரே சொல்லாக நிற்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றது, அட்டையில் கடைசிக் கட்டத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘அடுத்து அழுத்தம் பார்க்கும் நாள் – எங்கே – பார்ப்பவர் கையெழுத்து – மதுரைக்குச் சொல்லியாயிற்றா?’ ‘சொல்லியாயிற்றா’ அச்சில் பேச்சு நடையாகத் தெரிகிறதா? எனக்கு அது இருக்க வேண்டும், ஆனால் இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.