மூப்பு ஒழிந்த எதிர்காலத்தில் யாருடைய ஆயுள் நீளும்?

மூப்பில்லாத எதிர்காலத்தைக் காட்டும் விஞ்ஞானக் கதைகளைப் பற்றி, இலங்கையின் மலையகத்தைச் சேர்ந்த மூவர் புனைபெயர்களில் நடத்திய உரையாடல் இது.

கீழ்வானம் (பண்டாரவளை):

விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் காலமாகும் வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார். அவர் இங்கு வந்த அதே ஆண்டில் வெளியான நாவலொன்றில், மனிதர்கள் ஆயிரம் ஆண்டுகள் முதுமையின்றி வாழ்ந்து, பின்னர் நகரின் நினைவகத்துக்குள் சென்று, யுகங்கள் கழித்து வளர்ந்த உடலோடு மீண்டும் வெளிவருகிறார்கள். அந்த நகரத்தை அவர் தேங்கிப்போன நகரமாகவே காட்டுகிறார். 1726இல் ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் ஸ்விஃப்ட் படைத்த, சாகாமல் மூத்துக்கொண்டே போகும் மனிதர்கள் தொடங்கி, நீண்ட ஆயுளைச் சாபமாகக் காட்டுவது இவ்வகைக் கதைகளில் ஊறிப்போன வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. நம்மால் எட்ட முடியாததைப் பழித்து நாமே தேறுதல் சொல்லிக்கொள்கிறோம்.

மூப்பு கலங்களில் நிகழும் ஒரு செயன்முறை. ஆகையால் அதில் கைவைக்க முடியும். 1993இல் அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு, ஒரேயொரு பரம்பரையலகின் (மரபணுவின்) மாற்றத்தால் ஒரு சிறு புழுவின் ஆயுள் இரட்டிப்பாவதைக் காட்டியது. 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா நான்கு பரம்பரையலகுகளைக் கொண்டு சுண்டெலியின் முதிர்ந்த தோற்கலங்களைக் கருநிலைக் கலங்களைப் போன்றவையாக மாற்றினார். என் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து, ஆட்காட்டி விரலின் நுனி கறுத்து வெடித்து, இன்று ஒரு பொத்தானைக்கூடப் போட முடியாதவராக இருக்கிறார். அந்த விரல்களைப் பார்த்த பின்னும் முதுமை அழகானது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் (ஹட்டன்):

தம்பி, அம்மாவின் விரல்களைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மருந்து எல்லோருக்கும் கிடைக்கும்போது தோட்டத்தை நடத்தும் துரைக்கும் அமைச்சருக்கும் சேர்ந்தே கிடைக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 1948இல் மலையகத் தமிழரான நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்கள் நாற்பது வயது உடலோடு இன்றும் அதே ஆசனங்களில் அமர்ந்திருந்தால், அதைத் திருப்பித் தந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்குமா? தேயிலைத் தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்கு 53 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. நம் கணக்கில் அது ஒரு மனிதனின் உழைக்கும் காலத்தை விட அதிகம். ஐந்நூறு ஆண்டு வாழ்பவர்களின் உலகில் குத்தகைகள் எத்தனை ஆண்டுக்கு எழுதப்படும்?

வேலையையும் பாருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அது கிடைத்த கையோடு கடனுக்கும் கலியாணத்துக்கும் கரைந்துபோக, கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மறுபடியும் மலையேறும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். முந்நூறு ஆண்டு ஆயுள் என்றால், அவர்கள் எத்தனை ஆண்டு கூடை சுமக்க வேண்டும் என்று எந்த எழுத்தாளரும் கணக்கிட்டதாக நான் படித்ததில்லை.

கீழ்வானம் (பண்டாரவளை):

அக்கா, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பழையவர்களின் மரணம் கொண்டுவரவில்லை. ஆண்டாண்டாகக் கேட்டவர்களும், மறியல் செய்தவர்களும், பேரம் பேசியவர்களும் கொண்டுவந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நாடற்றவர்களாகவே புதைக்கப்பட்டார்கள். அநீதி இழைத்தவர் இறப்பார் என்று காத்திருப்பதை ஓர் அரசியல் வழியாக ஏற்றால், அநீதிக்கு உள்ளானவரும் அதே காலத்தில் இறந்துபோகிறார் என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

சரிவுப்பாதை (கொஸ்லந்தை):

சேர், அக்கா, நீங்கள் இருவரும் ஆயுள் என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் நீளும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

1825இல் கொம்பர்ட்ஸ் என்ற காப்புறுதிக் கணிப்பாளர், வயது ஏற ஏற மரண அபாயம் சீரான மடங்கில் பெருகுவதைக் கண்டார். வளர்ந்தவர்களில் அது ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இதுவரை உறுதிப்படுத்தப்பட்ட மிக நீண்ட ஆயுள் 1997இல் இறந்த பிரான்சின் ஷான் கல்மோவினுடையது. அது 122 ஆண்டுகள். அவ்வயதைத் தாண்டி ஒருவரும் போகாததற்கு இந்தப் பெருக்கமே முக்கிய காரணம். இப்போது கதையில் வருவது போல மூப்பை நிறுத்திவிட்டோம் என்று கொள்வோம். அபாயம் இளைஞனின் அளவிலேயே நின்றுவிடும், ஆனால் பூச்சியமாகாது. ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் விபத்திலோ தொற்றிலோ இறக்கும் ஊரில் சராசரி ஆயுள் 1,000 ஆண்டுகள். அதே சிகிச்சை பெற்றும், ஆண்டுக்கு 250 பேரில் ஒருவர் இறக்கும் ஊரில் அது 250 ஆண்டுகள்தான். இன்று அபாயம் நான்கு மடங்காக உள்ள ஊரிலும் மூப்பு வந்து எல்லோரையும் ஏறத்தாழ ஒரே எல்லைக்குள் முடித்துவிடுவதால், இந்த இடைவெளி சில ஆண்டுகளாக மட்டுமே தெரிகிறது. மூப்பை எடுத்துவிட்டால் அதே இடைவெளி 750 ஆண்டுகளாக விரிகிறது.

இதை நான் ஏட்டுக்கணக்காகச் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் எங்கள் ஊருக்கு அருகேயுள்ள மீரியபெத்தவில் மலை சரிந்து, தொழிலாளர்கள் வசிக்கும் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. குளவிக்கொட்டு, மின்னல், மழையில் வழுக்கும் மலைப்பாதை, இரவில் வலி கண்டால் வாகனம் கிடைக்காத தோட்டம் ஆகியவற்றுக்கும் முதுமைக்கும் தொடர்பே இல்லை; எந்த மாத்திரையாலும் அவற்றைத் தடுக்க முடியாது. மூப்பில்லாத எதிர்காலத்தில் ஒருவருடைய ஆயுளைத் தீர்மானிப்பது அவருடைய முகவரிதான். நான் படித்த கதைகளில் சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பற்றிய சண்டை உண்டு. எல்லோருக்கும் கிடைத்த பிறகும் தொடரும் இந்த வேறுபாடு இல்லை.

மழைக்காலம் (ஹட்டன்):

கொஸ்லந்தைத் தம்பி சொன்ன கணக்கைப் படித்த பிறகு எனக்கு வீடுதான் நினைவுக்கு வருகிறது. 10 அடிக்கு 12 அடி லயன் அறையில் இப்போதே மூன்று தலைமுறை படுக்கிறது. மருமகள் இரவில் எழுந்து வெளியே போக, மாமனாரின் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். கிளார்க்கின் நகரத்தில் பிள்ளைகளே பிறப்பதில்லை என்பதால் அவருக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. நம் பெண்களிடம் இனிப் பிள்ளை பெறாதே என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லப்பட்ட காலத்தின் கசப்பு இன்னும் போகவில்லை. அப்படியானால் பத்துத் தலைமுறை எங்கே படுக்கும்?

கீழ்வானம் (பண்டாரவளை):

நூறு ஆண்டு கண்ட தேயிலையைக் கவ்வாத்து வெட்டி, கட்டையிலிருந்து இளங்கொழுந்து வரவழைப்பவர்கள் நாம். மனித உடலிலும் அதைச் செய்யலாம் என்ற நம்பிக்கையை வீட்டுப் பிரச்சினைக்காக நான் விட்டுவிடமாட்டேன். வீடு கட்டுவது மூப்பை நிறுத்துவதை விட எளிது.

சரிவுப்பாதை (கொஸ்லந்தை):

சேர், கவ்வாத்துக்குப் பிறகு எல்லாச் செடியும் தளிர்ப்பதில்லை. வேரில் மாச்சத்துச் சேராத செடி வெட்டோடு காய்ந்துபோகிறது; பழைய மலைகளில் வெற்றிடம் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். வீடு கட்டுவது எளிது என்பதையும் நான் ஏற்கவில்லை. தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணியும் அதற்கான உறுதிப்பத்திரமும் தரும் திட்டம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது பண்டாரவளையில் இருக்கும் உங்களுக்கும் தெரியும்.

கீழ்வானம் (பண்டாரவளை):

மெதுவாக நகர்வது உண்மை. அபாயத்தைக் கணக்கில் எடுக்காத கதை அரைகுறைக் கதை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரிவுகள் அனைத்தும் பாதுகாப்பாகும் வரை சிகிச்சை காத்திருக்கட்டும் என்று யாராவது சொன்னால் அதற்கு உடன்படமாட்டேன். காத்திருக்கும் காலத்தில் மூத்துச் சாகப்போகிறவர்களும் நம்மவர்களே.

மழைக்காலம் (ஹட்டன்):

காத்திருக்க வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, தம்பி. சிகிச்சைக்கு நாள் குறிக்கும் அதே ஆண்டில், சரிவின் அடியில் இருக்கும் லயன்களை இடம் மாற்றவும் நாள் குறிக்கப்படுகிற ஒரு நாவலை நம் பக்கத்திலிருந்து யாராவது எழுத வேண்டும். முதல் நாளைத் தள்ளிப்போட நினைப்பவர் யார், இரண்டாம் நாளைத் தள்ளிப்போட நினைப்பவர் யார் என்பதையும் அதில் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.