றோட்டக்ஸ் 503 மேல் சுற்றில் திணறுகிறது

சுன்னாகத்தில் வீட்டு வளவுக்குள் ஒருவர் மட்டும் ஏறும் சின்ன விமானம் கட்டுகிறேன். எஞ்சின் பாவித்த றோட்டக்ஸ் 503, இரட்டைக் காபரேற்றர். வாலைப் பனையில் கட்டிவைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பது. (அயலட்டையில் இப்போது இதுதான் பின்னேரப் பொழுதுபோக்கு.)

மூன்று கிழமையாக ஒரே கதை: நிமிடத்துக்கு 5,200 சுற்று வரை சீராக ஓடும், அதற்கு மேல் திணறும். பின் சிலிண்டரின் பிளக் சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளை, அதாவது கலவையில் பெற்றோலுக்குக் காற்று கூடிவிட்டது. முன் பிளக் நல்ல தேத்தண்ணி நிறம்.

காபரேற்றர்களைக் கழுவி, இடம் மாற்றியும் போட்டேன். வெள்ளை பின்னுக்கே நிற்கிறது. பம்புக்குப் புது டயபிரம் போட்டாச்சு. பெற்றோல்-எண்ணெய்க் கலவை 50:1. காபரேற்றர் றப்பரில் வெடிப்பு இல்லை. பெற்றோல் குறைவென்றால் இரண்டும் வெளுத்திருக்கும். எனவே பின்பக்கக் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்) காற்று இழுக்கிறதென்று சந்தேகம்.

எஞ்சினைப் பிரிக்காமல் அந்த சீலை எப்படிச் சோதிப்பது?