வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து:

என் மாமியார் ஊசிக்குப் பயப்படுகிறவர் இல்லை. காலையும் இரவும் இன்சுலின் என்று டாக்டர் எழுதிய வாரத்திலேயே தானே போடக் கற்றுக்கொண்டார். கலங்கலாக இருக்கும் மருந்துப் புட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டுவார். யாரையும் குலுக்க விடமாட்டார். அளவும் தவறாது, நேரமும் தவறாது. அப்படியும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 250-ஐத் தாண்டியே நின்றது. யூனிட்டைக் கூட்டியும் இறங்கவில்லை. மாம்பழ சீசன் வேறு. ஒளித்துவைத்து மல்கோவா சாப்பிடுகிறார் என்று சொந்தக்காரர்கள் பழி போட்டார்கள். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு சிஸ்டர். படுக்கவைத்து வயிற்றை விரலால் தடவிக்கொண்டே வந்தார். தொப்புளுக்கு இடப்பக்கம் வந்ததும் கை நின்றது.

"தினமும் இங்கயேதான் போடுறீங்களாம்மா?"

"ஆமாங்க சிஸ்டர், இங்க போட்டாத்தான் வலிக்கிறதில்ல."

என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் அரை எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு திரட்சி. ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்பு திரண்டுவிடும். அதற்குள் போகும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. வலி தெரியாததும் அதனால்தான்.

வயிற்றை நாலு பாகமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாகம். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, முந்தைய ஊசியிலிருந்து ஒரு விரல் தள்ளி. இதுதான் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த முறை. இடத்தை மாற்றச் சொன்ன அன்றே டாக்டர் யூனிட்டையும் குறைத்தார். இதை அழுத்திச் சொல்கிறேன்: நல்ல இடத்தில் மருந்து முழுதாக வேலை செய்யும், பழைய அளவையே போட்டால் லோ சுகர் வந்துவிடும். கட்டி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே இடத்தை மாற்றுங்கள். மாமியார் இப்போது நகைக்கடை காலண்டரில் 'இட மேல்', 'வல கீழ்' என்று தினமும் குறித்துவைக்கிறார்.

ஏற்காட்டிலிருந்து:

என் அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பழம் பறிக்கும் மாதங்களில் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குவார். தொடையில் போட்டுவிட்டு நடந்தால் மருந்து வேகமாக ஏறும் என்பதால் அந்த நாட்களில் காலை ஊசி வயிற்றில்தான். பனிமூட்டத்தில் எல்லாரும் ஸ்வெட்டரோடு நிற்கும்போது இவருக்கு மட்டும் நெற்றி வியர்த்தால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். "ஐயா, உக்காருங்க" என்று குளுக்கோஸ் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து. 15 நிமிடம் கழித்து மீட்டரில் 70-க்கு மேல் காட்டினால்தான் எழுந்திருப்பார், அப்புறம் இரண்டு இட்லி. அந்த மனிதர்களுக்கு நாங்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கே இருக்கிற குளிருக்குத் திறந்த புட்டியை அலமாரியில் வைத்தாலே நாலு வாரம் தாங்கும். மே மாதம் சேலத்தில் அக்கா வீட்டுக்கு இறங்கும்போதுதான் கவலை. அங்கே ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டி, அதற்குள் புட்டி. ஃப்ரிட்ஜில் வைப்பதானால் ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் ஆகாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 என்று (ஒரு மில்லியில் 40 யூனிட்) போட்ட இன்சுலின் புட்டிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 என்று போட்டதற்கு ஆரஞ்சு மூடி. ஒரு கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். என் பாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "மூடி செவப்பா இல்லையே சாமி" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்று இழுத்திருந்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 புட்டியைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. கடைக்கு யாரை அனுப்பினாலும் மருந்தின் காலி அட்டையோடு பழைய ஊசியின் மூடியையும் கொடுத்தனுப்புங்கள்.